மலையக ஆற்றில் பாறை படிப்பது எப்படி?

இலங்கையின் கித்துல்கலப் பக்கம் களனி கங்கையின் பாறைகளைப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் வெயில் நாளிலும் நீர் திடீரென ஏறும். நீர் திறக்கும் நேரத்தைப் படகோட்டிகளிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். நீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள்.

நாம் கருங்கல் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை கிரனைட் அல்ல. நிலத்தின் ஆழத்தில், சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கடும் வெப்பத்தில் உருமாறிய பாறைகள். பாசி படிந்த மேற்பரப்பு எதையும் காட்டாது. புதிதாக உடைந்த விளிம்பைத் தேடி, நனைத்து, 10 மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். வெள்ளையும் கருப்பும் பட்டைபட்டையாக ஓடினால் நைஸ். பட்டையின்றி, பச்சை கலந்த கருமையில் எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தால் சார்னொக்கைட். சிவப்பு மணிகள் கார்னட் என்ற கனிமம். சுத்தியல் வேண்டாம், பாறைக்கு அது ஆறாத காயம்.

பாறைகள் ஏன் உருண்டை? வெடிப்புகளில் நீர் இறங்கும்போது மூலைகள் மூன்று பக்கமும் தாக்கப்பட்டு முதலில் கரைகின்றன. ஆற்றுப்படுகையின் வட்டக் குழிகள் சுழலும் கூழாங்கற்கள் குடைந்தவை. நீர் நிறைந்தால் ஆழம் தெரியாது, கால் வைக்காதீர்கள்.