1234567890-ஐக் காகிதத்திலேயே உடைப்பது எப்படி?

ஓர் எண்ணின் பகாக் காரணிகள் கையில் வந்துவிட்டால், மற்ற குணங்கள் எல்லாம் வெறும் பெருக்கல்தான்.

படி 1: கடைசி இலக்கம் 0, எனவே 2, 5 இரண்டையும் எடுத்துவிடலாம். மிச்சம் 123456789. இலக்கங்களைக் கூட்டினால் 45. 9-ஆல் வகுத்தால் 13717421. இதன் கூட்டல் 26, இனி 3 வராது.

படி 2: திணறுவது இங்கேதான். 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், முதல் காரணி சிக்குவதற்குள் 500 பகா எண்களைத் தாண்ட வேண்டும். பாதியில் சலித்துப்போய் ‘இதுவே பகா எண்தான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வர்க்கமூலம் 3703 சொச்சம். அதுவரை பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

நான் பரிந்துரைப்பது கணிதர் ஃபெர்மாவின் வழி. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். மீதியும் வர்க்க எண்ணாக இருந்தால் வேலை முடிந்தது.

3704² − 13717421 = 2195. 5-இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25-இல் முடியும். இது 95, தள்ளுங்கள்.
3705² − 13717421 = 9604 = 98².

a² − b² = (a − b) × (a + b) அல்லவா? ஆக, 13717421-இன் காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டே முயற்சி!

படி 3: இவை பகா எண்கள்தானா? 3607-க்கு 59 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 3803-க்கு 61-ஐயும் சேர்க்க வேண்டும்; அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதுவும் மீதியின்றி வகுக்காது.

1234567890 = 2 × 3² × 5 × 3607 × 3803

படி 4: காரணிகளின் எண்ணிக்கை, அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், 2×3×2×2×2 = 48. காரணிகளின் கூட்டுத்தொகைக்கு, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் 1-இலிருந்து கூட்டிப் (2-க்கு 1+2 = 3) பெருக்க வேண்டும்: 3 × 13 × 6 × 3608 × 3804 = 3211610688. அந்த 13 என்பது 1+3+9. நடுவிலுள்ள 3-ஐ மறந்து 10 என்று போட்டால் விடை மொத்தமும் கெடும். தொகை எண்ணின் இரு மடங்கைத் தாண்டுவதால் இது மிகை எண்.

சரிபார்க்க லினக்ஸில் ‘ஃபாக்டர்’ கட்டளை போதும். நிரல் எழுதுவதென்றால் பைத்தான்தான் என் தேர்வு. சி மொழியில் சாதாரண 32 பிட் முழு எண் 2147483647-ஐத் தாண்டாது. மேலே உள்ள கூட்டுத்தொகையை அதில் போட்டால் பெரும்பாலும் −1083356608 என்று காட்டும். 64 பிட் வகையைப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை: ஃபெர்மா வழி எல்லா எண்ணுக்கும் ஓடாது. காரணிகள் அருகருகே இருந்தால்தான் வேகம். இங்கே இடைவெளி வெறும் 196. 4294967297-ஐ எடுத்தால் (641 × 6700417), இதே வழிக்கு 32 லட்சத்துக்கு மேல் முயற்சிகள் ஆகும். சாதாரண வகுத்தலோ 116-ஆவது பகா எண்ணிலேயே, அதாவது 641-இல், முடிந்துவிடும். முதலில் 1000 வரை வகுத்துப் பாருங்கள். பிறகு ஃபெர்மாவில் ஒரு 20 முயற்சி. அதிலும் சிக்கவில்லை என்றால் கணினியிடம் கொடுத்துவிடுங்கள்.