மழைக்கும் மலைக்கும் ஒரே டயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜனவரி மழை. ஹிகின்சன் ஹைவேயில் தேங்கிய தண்ணீரில் என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் ஒரு கணம் மிதந்தது. ஸ்டீயரிங் கையில் பஞ்சுபோல் லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் டயர் பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ளத்தின் ஆழம், 2 மி.மீ.கூட இல்லை. சட்டப்படி 1 மி.மீ. இருந்தால் போதும். இந்த ஊர் மழைக்கு அது போதவே போதாது.

டர்பனில் பனி பெய்யாது. ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலையில் அக்கா வீட்டுக்கு ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும், வழியில் வான் ரீனன்ஸ் கணவாய். 2024 செப்டம்பரில் அங்கே பனியில் வண்டிகள் இரவெல்லாம் சிக்கி நின்றன. அதனால்தான் மழை, வெயில், பனி எல்லாவற்றுக்குமான ஆல் சீசன் டயர் தேடினேன். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்தை நம்பாதீர்கள். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை.

அளவு 195/45 ஆர்17, அதை மாற்றவில்லை. முதல் கடையில் காட்டிய டயரில், தயாரித்த காலத்தைச் சொல்லும் டிஓடி எண் 1419 என்று முடிந்தது. அதாவது 2019-இன் 14-ஆவது வாரம். "புதுசுதான் தம்பி" என்றார் கடைக்காரர். "வேண்டாம் அண்ணே" என்று கிளம்பிவிட்டேன்.

வேறு கடையில் நான்கையும் சேர்த்தே மாற்றி, சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட்டும் பார்த்தேன். வெயிலில் வளைவுகளில் பழைய கூர்மை கொஞ்சம் குறைவுதான், எனக்கு வருத்தமே. அப்புறம் ஒரு மழைநாளில் அதே ஹைவே, அதே பள்ளம். ஸ்டீயரிங் கனமாகவே இருந்தது.