ஒன்றும் எல்லும் ஒன்றல்ல: கோடிங் ஃபாண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் லேப்டாப் கைக்கு வந்ததும் முதலில் கை வைப்பது புரோகிராம் எழுதும் எடிட்டரின் நிறத்திலும் ஃபாண்டிலும்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் திட்ட மனசு வருவதில்லை. காமிக் சான்ஸில் புரோகிராம் எழுதாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

அழகைப் பார்த்து எடுப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வரவழைக்கிற தவறு. ஒரு காலத்தில் கூரியர் நியூ மேல் எனக்கு மோகம். டைப்ரைட்டர் எழுத்து, பார்த்தாலே ஒரு கம்பீரம். திரையில் நூல்போல மெலிந்து தெரியும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி ரிலீஸ். வாடிக்கையாளர் சர்வர் கீயை (உள்ளே நுழைவதற்கான ரகசிய எழுத்துத் தொடர்) ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினார், நான் பார்த்துப் பார்த்துத் தட்டினேன், உள்ளே விடவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், சர்வர்காரரை எழுப்பினேன், அவர் என்னைத் திட்டினார், இரண்டு மணிக்கு ஜூனியர் ஒருவன் அதே ஃபைலைத் தன் எடிட்டரில் திறந்து, "அண்ணா, இங்கே ஒன்று போட்டிருக்கீங்க, அது ஸ்மால் எல்" என்றான். என் திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! ஐந்து மணி நேரம் போனது போனதுதான்.

ஆகவே, மாதிரி வாக்கியத்தை நாற்பது பாயின்டில் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் தினமும் வேலை செய்கிற அளவில், பூஜ்யம், கேபிட்டல் ஓ, ஒன்று, ஸ்மால் எல், கேபிட்டல் ஐ, நெட்டுக்கோடு ஆகிய ஆறையும் அடுத்தடுத்து அடித்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். தயங்காமல் படிக்க முடிந்தால் சரி. 2007 முதல் வின்டோஸோடு வருகிற கன்சோலாஸில் பூஜ்யத்தின் குறுக்கே கோடு இருக்கும். அடோபி 2012-இல் இலவசமாகவே வெளியிட்ட சோர்ஸ் கோட் புரோவில் நடுவே புள்ளி இருக்கும். இவை அலங்காரமில்லை, மேலே சொன்ன மாதிரி ராத்திரிகளுக்காக வைத்தவை.

தமிழிலும் இந்த வம்பு உண்டு. 'கௌரி' என்று தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், பட்டியலில் கண்ணெதிரே இருப்பார். யாரோ 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார்கள். முறையான 'கௌ' யூனிகோடில் இரண்டு குறியீடு, அந்தப் போலி மூன்று. பல ஃபாண்டுகளில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும், ஆகையால் இங்கே கண்ணை நம்பாமல் குறியீடுகளை எண்ணித்தான் பிடிக்க வேண்டும்.

தமிழை மறந்துவிடுவது

ஃபிரா கோட், ஜெட்பிரெயின்ஸ் மோனோ, கன்சோலாஸ் ஆகிய கோடிங் ஃபாண்டுகள் எதிலும் தமிழ் எழுத்துகள் கிடையாது. புரோகிராமுக்குள் எழுதும் குறிப்பான கமென்ட்டில் தமிழ் வந்தால் சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு வேறொரு ஃபாண்டிலிருந்து இரவல் வாங்கும். வின்டோஸில் பழைய லதாவோ நிர்மலாவோ வரும், லினக்ஸில் எது நிறுவியிருக்கிறதோ அது, சில சமயம் வெறும் கட்டங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் ஃபாண்ட் பெயருக்குப் பின்னால் கமா போட்டு நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்துவிடுங்கள். கட்டளை தட்டுகிற டெர்மினலில் மட்டும் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் ஃபாண்டை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம்: கட்டத்துக்கு ஓர் எழுத்து என்கிற அதன் கணக்கு 'கொ'வுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

லிகேச்சர்

இரண்டு மூன்று குறிகளை ஒரே குறியாக ஒட்டிக் காட்டுவதுதான் லிகேச்சர். ஃபிரா கோடில் 'சமமில்லை' என்பதற்கு != என்று அடித்தால் குறுக்கே வெட்டிய சமக்குறி தெரியும். எனக்குப் பிடிக்கும். ஆனால் புதியவருக்குத் திரையைக் காட்டிச் சொல்லித்தரும்போது அணைத்துவிடுங்கள். அந்தக் குறி கீபோர்டில் எங்கே என்று ஒரு பெண் அரை நாள் தேடியிருக்கிறாள்.

மெல்லிய எடை (கோடு மெலிந்த எழுத்து)

வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு ஃபாண்ட்

கண் பழகவே பத்து நாள் ஆகும்.

பாமினி

யூனிகோடு அல்லாத அந்தப் பழைய தமிழ் ஃபாண்ட் இன்னுமா?