பழைய காருக்கு எலக்ட்ரிக்கல் பாகம் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஃபோர்டு மாடல் டி காருக்கு ஒரு காயில் வேண்டும்" என்று ஆர்டர் போடுவதுதான் முதல் தவறு. ஆரம்ப ஆண்டுகளில் ஃபோர்டு அந்தக் காயில்களை (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கம்பிச்சுருள்கள்) கிங்ஸ்டன், ஹெயின்ஸ், கே-டபிள்யூ என்று வெளிக் கம்பெனிகளிடம்தான் வாங்கியது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே மாட்டிவிட முடியாது. மற்ற கார்களின் கதையும் இதுதான். 1912 காடிலாக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் டெல்கோ என்ற வெளிக் கம்பெனியுடையது. எனவே காரின் பெயரை விட்டுவிடுங்கள். பாகத்தைக் கழற்றித் துடைத்து, அதில் உள்ள கம்பெனி பெயரையும் டைப் எண்ணையும் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

பாகத்தில் இருக்கும் பெயரையும் முழுதாக நம்ப வேண்டாம். 1914-ல் போர் தொடங்கும்வரை பிரிட்டன் மேக்னெட்டோவுக்கு (பேட்டரி இல்லாமலே, சுழலும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி) பெரும்பாலும் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியையே நம்பியிருந்தது. போர் வந்ததும் வரத்து நின்றுபோனது. அந்தக் காலத்துக் காரில் இன்று இருக்கும் மேக்னெட்டோ, பிறகு யாரோ மாற்றியதாகவும் இருக்கலாம்.

மேக்னெட்டோ வாங்கும்போது சுழலும் திசையைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். வலச்சுற்றா இடச்சுற்றா என்பதை டிரைவ் பக்கமிருந்து, அதாவது இன்ஜின் அதைச் சுழற்றும் தண்டின் பக்கமிருந்து, பார்த்துச் சொல்வது வழக்கம். அடித்தட்டிலிருந்து தண்டின் மையம் எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து வையுங்கள். 35 மி.மீ., 45 மி.மீ. என்று வேறுபடும்.

பலரும் ஏமாறுவது தீப்பொறியைப் பார்த்துத்தான். விற்பவர் கையால் சுற்றிக் காட்டுவார், நீலமாகப் பளிச்சென்று பொறி வரும். சரி, நல்ல சாமான்தான் என்று தோன்றும். ஆனால் மேக்னெட்டோவுக்குள் மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகமான கண்டென்சர் பழையதாக இருந்தால், அதன் குறை குளிர்ந்த நிலையில் தெரியாது. வண்டி அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நிற்கும், ஆறும்வரை கிளம்பாது. ஆர்மேச்சரில் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள்) பூசிய அரக்கும் சூட்டில் இளகி வெளியே தெறிக்கும். சில சமயம் ஆர்மேச்சரே இறுகிவிடும். ஆகவே சூடாக்கிச் சோதித்தார்களா, கண்டென்சரை மாற்றினார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம் எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு இணைகிறது என்பது. மாடல் டி-யில் நெகட்டிவ் எர்த். அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ-யில் பாசிட்டிவ் எர்த். இரண்டும் 6 வோல்ட், ஒரே கம்பெனி! ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு வாங்கினால் அம்மீட்டர் தலைகீழாகக் காட்டும், எலக்ட்ரானிக் பாகம் ஏதாவது சேர்த்திருந்தால் அது கருகும்.

வயரையும் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 36 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். ஆம்பியர் கூடினால் வயரும் தடிமனாக வேண்டும். இன்றைய காருக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்று புது மோட்டார் தேடுபவர்கள் உண்டு. கேபிளைத் தடிமனாக மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

1915-க்குப் பிந்தைய மாடல் டி-களில் பேட்டரி இல்லாத வண்டிகளுக்கு 6 வோல்ட் பல்பு வாங்காதீர்கள். முன்விளக்குகள் மேக்னெட்டோவிலிருந்து சீரிஸில், அதாவது ஒன்றின் வழியாக இன்னொன்றுக்கு மின்சாரம் போகும்படி, எரிபவை. இன்ஜின் வேகம் கூடினால் வோல்ட்டேஜும் கூடும். அதற்கு 9 வோல்ட் பல்பு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.