சோலைமந்திக்குக் கூண்டு கட்டப் போகிறீர்களா?

கூண்டு வேலை என்றதும் எல்லோரும் டேப்பை எடுத்துத் தரையை அளக்கிறார்கள். சோலைமந்தி, அதாவது பாடப்புத்தகத்துச் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடிப்பலா மரத்து உச்சியில் பொழுதைக் கழிக்கிற பிறவி. தரை அதற்கு எதற்கு?

இருபது வருடம் மிருகக்காட்சிசாலையில் கீப்பராக இருந்தவன் சொல்கிறேன், எதையும் மாற்றுமுன் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தாளில் கூண்டின் படம் வரைந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குரங்கும் இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். நான் முதலில் போட்ட தாளில் கம்பி ஓரத்திலும் பின்கதவருகிலும் புள்ளிகள் ஈ மொய்த்தது போல் இருந்தன. நடுவில் வெறும் சிமெண்ட். ஒரு கடுவன், அதாவது ஆண் குரங்கு, கம்பியோரமே போய்ப் போய் வந்து, அது திரும்பும் இடத்தில் தரையே வழவழப்பாகியிருந்தது.

அப்புறம் உயரம். மரக்கிளை, மூங்கில், பழைய தீயணைப்பு ஹோஸ், எதுவானாலும் பார்வையாளர் தலைக்கு மேலே போகட்டும். நாம் குனிந்து பார்க்கும் பள்ளத்தில் குரங்குக்கு நிம்மதி கிடையாது. கயிறு தொய்வாக இருந்தால்தான் கிளை மாதிரி ஆடும். கயிற்றில் கண்ணி, அதாவது சுருக்கு வளையம், மட்டும் விழ விடாதீர்கள், குட்டியின் கழுத்து சிக்கும்.

மறைவிடத்தில்தான் நான் தப்பு செய்தேன். மழைக்கு ஒதுங்க மரப்பெட்டி வைத்தேன், ஒரே வாசல். உள்ளே போன இளசை மூத்த மந்தி வாசலில் மறித்துக் கடித்ததில் சுண்டுவிரல் நுனி போயிற்று. அன்று சாயந்தரமே எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் அறுத்தேன். பெட்டியோ மேடையோ உள்ளறையோ, எதற்கும் இரண்டு வழி வேண்டும். நடுவே ஒரு மூங்கில் தட்டியும் வையுங்கள். அடி வாங்குகிற குரங்கு மற்றதன் கண்ணில் படாமல் சற்று நேரம் இருக்கட்டும். ‘குரங்கே தெரியலையே’ என்று மேலிடத்தில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தீனியை ஒரே தட்டில் கொட்டினால் பெரியது கன்னப்பையை நிரப்பிக்கொண்டு போய்விடும். துளையிட்ட மூங்கிலில் பொரியும் வேர்க்கடலையும் அடைத்து ஏழெட்டு இடத்தில் கட்டுங்கள். காட்டில் மரப்பட்டையை நோண்டிப் பூச்சி தேடுகிற விரல்கள் அவை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி புள்ளி போடுங்கள். என் தாளில் புள்ளிகள் மேலேயும் நடுவிலும் பரவியிருந்தன. அந்தக் கடுவன் மட்டும் நாலு மணியானால் பின்கதவோரம் நடந்துகொண்டிருந்தது; அது தீனி வரும் நேரம். சரி என்று ஒருநாள் மூன்றுக்கும் மறுநாள் ஐந்துக்குமாக மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் அந்த நடை குறைந்தது.