சின்-சான் சாகவில்லை: கார்ட்டூன் தியரிகளில் நாம் வழுக்கும் இடங்கள்

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, சின்-சான் நிஜத்துல செத்துப்போயிட்டான், தெரியுமா?"

கதை இதுதான். தங்கை ஹிமாவாரி சாலையில் ஓடுகிறாள், வண்டி வருகிறது, அவளைத் தள்ளிவிட்டுச் சின்-சான் அடிபட்டுச் சாகிறான். மகனை இழந்த அம்மா, அவன் விட்டுப்போன கிரேயான்களை எடுத்து அவனையே வரைந்துகொண்டிருக்கிறாள். அந்தப் படங்கள்தான் பிறகு தொடராக வந்தன. ஜப்பானில் தொடரின் பெயரே 'கிரேயான் சின்-சான்' என்பதுதான் இதற்கு ஆதாரமாம்.

கேட்டதும் எனக்கும் ஒரு நொடி தொண்டை அடைத்தது. அப்புறம் இரண்டு வருடங்களைச் சொன்னேன். யோஷிதோ உசுய் வரைந்த படக்கதை 1990-ல், முதல் நாளிலிருந்தே 'கிரேயான்' என்ற பெயரோடுதான் வந்தது. ஹிமாவாரி கதைக்குள் பிறந்தது 1996-ல். பிறக்கவே பிறக்காத தங்கையை எப்படிக் காப்பாற்றிச் சாக முடியும்? அவள் சிரித்துவிட்டாள். ஆனால் லேசான ஏமாற்றமும் தெரிந்தது. சோகக் கதை பொய்யாகிவிட்டால் வருகிற ஏமாற்றம்தான் அது. இந்த வகைக் கதைகள் ஓடுவதே அந்த ருசியை நம்பித்தான்.

கார்ட்டூன்களுக்குள் ஒளிந்திருக்கும் தர்க்கத்தைத் தேடுவது எனக்கும் பிடித்த பொழுதுபோக்கு. அதில் நான் விழுந்து எழுந்த பள்ளங்கள் நிறைய. அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் பள்ளம், வதந்தியையும் தியரியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. திரையில் தெரிவதை வைத்து "இதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கலாம்" என்பது தியரி. தொடரைத் திரும்பப் பார்த்து அதை எடைபோடலாம். "இதை எடுத்தவர் இன்ன சம்பவத்தைப் பார்த்து எடுத்தார்", "கடைசி எபிசோடைத் தடை செய்துவிட்டார்கள்" என்பதெல்லாம் வெளியுலகைப் பற்றிய செய்தி. அதற்குத் தொடரைப் பார்த்துப் பயனில்லை, நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

டாம் அண்ட் ஜெர்ரி கடைசியில் இரண்டும் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை. 1956-ல் வந்த 'ப்ளூ கேட் ப்ளூஸ்' என்ற குறும்படத்தில், காதலில் தோற்ற டாம் தண்டவாளத்தில் போய் உட்கார்கிறது. தன் காதலியும் வேறொருவனோடு போனதைப் பார்த்த ஜெர்ரியும் பக்கத்தில் உட்கார்கிறது. ரயில் ஊதுகிறது, படம் முடிகிறது. நிஜமாகவே மனதைப் பிசையும் படம். ஆனால் அது கடைசிப் படம் இல்லை. இந்த ஜோடியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் 1958 வரை தொடர்ந்து எடுத்தார்கள். அடுத்த படத்திலேயே இரண்டும் எதுவும் நடக்காதது போல ஓடிப்பிடித்து விளையாடின. அந்தக் காலக் குறும்படங்களில் நேற்று நசுங்கிய பூனை இன்று முழுசாக எழுந்துவரும். ஒரு படத்தின் முடிவை அடுத்ததற்குக் கொண்டுபோகும் பழக்கமே அங்கே கிடையாது.

சிம்ப்சன்ஸ் எதிர்காலத்தைக் கணித்தது என்கிற விஷயத்திலும் இதே நாள்காட்டிதான் கைகொடுக்கும். ட்ரம்ப் அதிபராக இருந்துவிட்டுப் போனார் என்ற வரி 2000-ல் வந்த ஒரு எபிசோடில் உண்மையாகவே உண்டு. ஆனால் அவர் எஸ்கலேட்டரில் இறங்கிவரும் படத்தை அதே எபிசோடின் காட்சி என்று பகிர்கிறார்களே, அது 2015-ல், அவர் நிஜமாக இறங்கிவந்த பிறகு வரையப்பட்ட வேறொரு சின்னப் படம். ஒன்று தற்செயலாகப் பொருந்திய நையாண்டி, மற்றது நடந்ததைப் பார்த்து வரைந்தது. இரண்டையும் ஒட்டவைத்தால் தீர்க்கதரிசனம் ரெடி.

இனி டோரேமானுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஒரே தொடரில் எல்லாத் தவறுகளும் கிடைக்கின்றன.

நோபிதா கோமாவில் கிடக்கும் சிறுவன், எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமான் அவன் கனவு என்பது ஒரு கதை. அவனுக்கு மனநோய், எல்லாம் அவன் கற்பனை என்பது இன்னொன்று. டோரேமானின் பேட்டரி தீர்ந்துவிட, நினைவுகள் அழியாமல் அதை எழுப்புவதற்காக நோபிதா படித்து விஞ்ஞானியாகிறான் என்பது மூன்றாவது. மூன்றையும் 'அசல் கடைசி எபிசோட்' என்றுதான் சொல்வார்கள். அசலில் கடைசி எபிசோட் என்று ஒன்றே கிடையாது. இதை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-ல், கதையை முடிக்காமலே காலமானார். மூன்றாவது கதை ஒரு ரசிகர் 2005-ல் சொந்தமாக வரைந்து அச்சிட்டு விற்ற புத்தகம் மூலம் பரவியது. அசல் போலவே இருந்ததால் சக்கைப்போடு போட்டது. பதிப்பகம் தலையிட்டு, 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டினார். கதை என்னவோ அருமையான கதைதான். என் அபிப்பிராயத்தில் சில அசல் அத்தியாயங்களைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் நன்றாக இருப்பது வேறு, அசலாக இருப்பது வேறு.

அப்படியானால் 'கடைசி அத்தியாயம்' என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது? ஓரளவு உண்மையிலிருந்துதான். டோரேமான் 1969 டிசம்பரில் தொடங்கியபோது, வகுப்புவாரியாகச் சிறுவர்களுக்கு வந்த ஆறு பத்திரிகைகளில் ஒரே நேரத்தில் வந்தது. ஜப்பானில் பள்ளியாண்டு மார்ச்சில் முடியும். மேல்வகுப்புக்குப் போகும் குழந்தை அந்தப் பத்திரிகையை விட்டுவிடும். அவர்களை வழியனுப்ப 1970களின் தொடக்கத்தில் சில விடைபெறும் கதைகளை ஆசிரியரே எழுதினார். 1974 மார்ச்சில் வந்தது மிகப் பிரபலம். டோரேமான் கவலையில்லாமல் ஊர் திரும்பட்டும் என்று, நோபிதா தனியாளாக முரட்டுப் பையன் ஜியானுடன் சண்டைபோட்டு, அடிவாங்கி, விடாமல் நின்று ஜெயிக்கிறான். அடுத்த மாதமே டோரேமான் திரும்பி வந்துவிட்டது. ஆக, ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் இருப்பதற்குக் காரணம் ஒளித்துவைத்த இருண்ட ரகசியம் எதுவும் இல்லை, பத்திரிகையின் விற்பனை முறைதான். தயாரிப்பு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் கதைக்குள்ளேயே விடை தேடினால் இப்படித்தான் ஆகும்.

நோபிதாவுக்கு வியாதிப் பெயர் ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ல் கனடாவின் மருத்துவ இதழ் ஒன்று, வின்னி த பூ கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் மனநோய்ப் பெயர் சூட்டி ஒரு வேடிக்கைக் கட்டுரை போட்டது. டாக்டர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொண்டது அது. இன்று அதை 'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று பகிர்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாமல் தூங்கி வழியும் பையனுக்கு நோய் என்றால், நம் வகுப்பில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும்.

கோமா தியரியின் குறை வேறு மாதிரியானது. அதைத் தோற்கடிக்க முடியாது. போகேமான் தொடரின் ஆஷுக்கு ஏன் பத்து வயது தாண்டவே இல்லை? கோமா. பேசும் பூனை எப்படி வந்தது? கோமா. தர்க்கம் இடிக்கிறதா? கனவில் அப்படித்தான் இடிக்கும். எந்தத் தொடரை எடுத்து இதில் போட்டாலும் பொருந்தும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவியை வைத்துக்கொண்டு இந்த வீடு என்னுடையது என்று சொல்ல முடியாது, இல்லையா? தியரி எழுதும் முன் நான் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் காட்சி வந்தால் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வேன்? அப்படி ஒரு காட்சியைச் சொல்ல முடியாவிட்டால் பேனாவை மூடிவிடுகிறேன்.

ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தியரி இதற்கு நல்ல பரிசோதனை. கற்காலக் குடும்பம் வாழ்வது கற்காலத்தில் இல்லை, அணுப்போருக்குப் பிந்தைய எதிர்காலத்தில். எதிர்காலத்தில் நடக்கும் இன்னொரு கார்ட்டூனின் பணக்கார ஜெட்சன்ஸ் குடும்பம் மேகத்துக்கு மேலே, இவர்கள் அழிந்துபோன தரையில். அதனால்தான் கல்லில் கார், கல்லில் டிவி. கிறிஸ்து பிறக்காத காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் 1960-ல் தொடங்கிய அந்தத் தொடரின் நகைச்சுவையே, அன்றைய அமெரிக்கப் புறநகர் வாழ்க்கையை அப்படியே கல்லில் செதுக்கிக் காட்டுவதுதான். கார் இல்லையென்றால் ஜோக் இல்லை, ஜோக் இல்லையென்றால் தொடரே இல்லை. தவிர, 1987-ல் இரண்டு குடும்பங்களும் சந்திக்கும் படம் வந்தது. ஜெட்சன்ஸ் கால இயந்திரத்தில் ஏறிக் கடந்த காலத்துக்குப் போகிறார்கள். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். "அந்த இயந்திரம் வேலையே செய்யவில்லை, தரைக்குத்தான் இறக்கிவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர் தோற்கத் தயாராக இல்லை என்று அர்த்தம்.

இதே ஹன்னா-பார்பெரா கார்ட்டூன்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. யோகி கரடி உடம்பில் வேறு துணி இல்லாமல் கழுத்தில் மட்டும் காலரும் டையும் கட்டியிருக்கும். இதில் என்ன குறியீடு என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். விடை சிக்கனம். டிவிக்குக் கொடுத்த பட்ஜெட் சொற்பம். காலர் இருந்தால் தலையையும் உடம்பையும் தனித்தனித் தாளில் வரையலாம், பேசும்போது தலையை மட்டும் மாற்றினால் போதும், ஒட்டும் கோடு காலருக்குள் மறைந்துவிடும். ஓடும்போது ஒரே மரமும் ஒரே ஜன்னலும் திரும்பத் திரும்ப வருவது, கையில் நான்கே விரல்கள் இருப்பது, எல்லாம் இந்தக் கணக்குதான். ஒரு விரலைக் குறைத்தால் ஆயிரக்கணக்கான படங்களில் எவ்வளவு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்பதையும் கவனிக்க வேண்டும். டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் காட்டாத கறுப்பினப் பணிப்பெண் வரும் காட்சிகளை, 1960களில் அமெரிக்க டிவிக்காகச் சில படங்களில் வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்து, குரலையும் மாற்றினார்கள். இது தெரியாமல் "வீட்டுக்காரி ஏன் மாறினாள்" என்று கதைக்குள் காரணம் தேடினால் வீண்வேலை. டப்பிங்கும் அப்படித்தான். தமிழில் கேட்ட ஒரு வசனத்தை வைத்து மாளிகை கட்டும் முன், மூலத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பாஞ்ச்பாப் தியரி எனக்கு எப்போதும் கொஞ்சம் நெருடும். பிகினி பாட்டம் என்ற ஊர்ப்பெயர், அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய பிகினி பவளத் தீவை நினைவூட்டுகிறது. அது வரை சரி. கதிர்வீச்சால் பிறழ்ந்ததால்தான் கடற்பஞ்சு பேசுகிறது என்பது அடுத்த தாவல். அதற்குத் தேவையே இல்லை. உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கலிபோர்னியாவில் கடல் உயிரியல் கற்பித்தவர். மாணவர்களுக்காக அவர் வரைந்த படக்கதையிலேயே பேசும் கடற்பஞ்சு ஒன்று உண்டு. ஒரு பெயர் பொருந்தியதை வைத்து முழுக் கதையையும் சாதித்துவிடக் கூடாது. நெருடலுக்குக் காரணம் வேறு. அந்தத் தீவில் 167 பேர் வாழ்ந்தார்கள். 1946-ல் கப்பலேற்றி அனுப்பப்பட்ட அவர்களால் இன்றுவரை ஊருக்குத் திரும்பி நிரந்தரமாகக் குடியேற முடியவில்லை. அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் தீவை மட்டும் திகிலுக்கு எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

எல்லாத் தியரியும் வெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 'கிராவிட்டி ஃபால்ஸ்' என்ற மர்மக் கார்ட்டூன் தொடரைப் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள், சுவாரஸ்யத்தைக் கெடுக்க விருப்பமில்லை.

2012 முதல் 2016 வரை வந்த 40 எபிசோட்கள். மர்மக் குறிப்பேடுகளை எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி. ஸ்டான் தாத்தாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரர் இருக்கிறார், எழுதியது அவர்தான் என்று ரசிகர்கள் சொன்னார்கள். ஆதாரங்கள் பொறுக்கி எடுத்தவை: அவர் பெயர் ஸ்டான்ஃபோர்ட் என்று எல்லோரும் சொல்ல, அவர் கார் நம்பர் பிளேட் 'ஸ்டான்லி' என்ற பெயரைச் சுருக்கிக் காட்டும். மறைந்திருந்த அறையில் கிடைத்த மூக்குக் கண்ணாடியை அவர் துக்கத்தோடு எடுத்துக்கொள்வார். குறிப்பேட்டின் அட்டையில் ஆறு விரல் கை, இவருக்கோ அப்படி இல்லை. முக்கியமான விஷயம், அது தோற்கக்கூடிய தியரி. வேறு யாராவது வந்து நின்றால் கதை முடிந்தது. 2015 மார்ச்சில் வந்த எபிசோடில் வேற்றுலக வாசல் திறந்தது, சகோதரரே வந்து நின்றார்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ரசிகர்கள் நெருங்கிவிட்டதைப் பார்த்த, தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ், 2013-ல் குறிப்பேட்டை வேறொரு கதாபாத்திரம் எழுதுவது போல ஒரு போலிப் படத்தைத் தானே கசியவிட்டார். அதைப் பார்த்துக் கோபப்பட்டது போல ஒரு பதிவு போட்டு உடனே அழித்தார். நிறைய பேர் நம்பிவிட்டார்கள். "உருவாக்கியவரே சொன்னார்" என்பது எப்போதும் கடைசிச் சொல் ஆகாது. கதை சொல்பவருக்குப் பொய் சொல்லவும் உரிமை உண்டு. அந்தத் தியரியைக் காப்பாற்றியது கார் நம்பர் பிளேட்தான். திரையில் இருந்ததை அவராலும் அழிக்க முடியாது.

அக்கா மகள் இப்போது அந்தத் தொடரின் முதல் சீசனில் இருக்கிறாள். போன வாரம் ஒரு காட்சியை நிறுத்தி, போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தாத்தாவின் கார், நம்பர் பிளேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, "மாமா, பேர் தப்பா இருக்கே. வரையிறவங்க கவனிக்கலையா?"

தேதி குறித்து வை என்று மட்டும் பதில் போட்டேன்.