மாடியில் மக்காச்சோளம்: மணி பிடிக்காமல் போவது எதனால்?

சென்னையில் மொட்டை மாடியில் மக்காச்சோளம் போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "செடி ஆள் உயரம் வந்துச்சு, கதிரும் விட்டுச்சு. உரிச்சுப் பார்த்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமா மணி." உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை மண்புழு உரத்தை இரண்டு பங்காகக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் அங்கே குறைந்தது மகரந்தம்தான்.

ஆண் பூ செடியின் உச்சியில், கதிர் நடுத்தண்டில். கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு சேர்ந்தது. நூலில் மகரந்தம் விழவில்லையென்றால் அந்த மணி இல்லை. இந்தத் தூளைக் கொண்டுபோவது காற்று. ஆகவே கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பைகளை ஒரே வரிசையில் வைப்பதுதான் முதல் தவறு. பாதி மகரந்தம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். நாலுக்கு நாலு என்று சதுரமாக வையுங்கள்.

அதோடு நிற்காமல் கையாலும் உதவலாம். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் ஆண் பூவைக் காகிதப் பைக்குள் விட்டுத் தட்டினால் மஞ்சள் தூள் சேரும். அதை உடனே நூல்களின் மேல் தூவுங்கள். கதிரின் அடிப்பக்க நூல்கள் முதலில் வெளியே வரும், நுனி நூல்கள் கடைசியில். ஒரே நாள் தூவிவிட்டு விட்டால் நுனி மொட்டையாக நிற்கும். நாலைந்து நாள் விடாமல் செய்ய வேண்டும்.

எப்போது விதைப்பது என்பதிலும் சறுக்குகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பூத்தால் நூல் கருகும், மகரந்தமும் செத்துப்போகும். ஐப்பசி அடைமழையில் தூள் கழுவிப் போகும், வேரும் அழுகும். தை பிறந்ததும் விதைத்தால் மார்ச்சில் பூக்கும். நம் ஊருக்கு அது தோது.

ரகங்களைக் கலந்து வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மற்ற பல செடிகளில் கலப்பு நடந்தாலும் இந்த ஆண்டுக் காய் மாறாது, அடுத்த தலைமுறையில்தான் தெரியும். மக்காச்சோளத்தில் மணியின் மாவுப் பகுதிக்கு அப்பன் செடியின் பங்கும் உண்டு என்பதால், அதே கதிரிலேயே தெரிந்துவிடும். ஸ்வீட் கார்ன் பக்கத்தில் பாப்கார்ன் பூத்தால் இனிப்பு மணிக்கு நடுவே மாவு மணி வரும். "ரெண்டும் ஸ்வீட் கார்ன்தானே" என்று பழைய இனிப்பு ரகத்தையும் சூப்பர் ஸ்வீட்டையும் சேர்த்து வைத்தாலும் இதே கதிதான். இனிப்பைத் தரும் மரபணு இரண்டிலும் வேறு வேறு. மாடியில் தூரம் விட்டு வைக்க இடம் ஏது? பூக்கும் காலம் ஒத்த ரகங்களாக இருந்தால் மூன்று வாரம் இடைவெளி விட்டு விதையுங்கள்.

விதை எடுப்பதில்தான் எனக்கு அதிக ஆதங்கம். கடைப் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையைப் போட்டால் தாயைப் போல வராது. நாட்டு ரகமே வைத்திருந்தாலும் ஒன்றிரண்டு செடியில் மட்டும் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் செடி குட்டையாகி, கதிர் சூம்பும். நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தால் மக்காச்சோளம் வீரியம் இழக்கும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஜார்ஜ் ஷல் 1908-இலேயே எழுதினார். நூறு செடிக்குக் குறையாமல் விதை எடுப்பது நல்லது. ஒரு மாடிக்கு அது முடியாத காரியம். அதனால் அதே ரகம் வளர்க்கும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் விதையைக் கலந்து பங்கிட்டுக்கொள்ளுங்கள். ரகம் காப்பாற்றப்பட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குருத்தைத் தினமும் விரித்துப் பாருங்கள். மரத்தூள் போல எச்சம் இருந்தால் படைப்புழு. 2018-இல் இந்தியாவுக்குள் வந்தது, மாடியையும் விடாது. புழுவைக் கையால் எடுத்து நசுக்கிவிடுங்கள்.

கடைசியாக, தின்னும் பதத்தில் பறித்த கதிர் விதைக்கு ஆகாது. தோகை காகிதம் போலக் காயட்டும். மணியைக் கழற்றி அடியைக் கீறினால் கறுப்புப் படலம் தெரிய வேண்டும். அதன்பிறகு நிழலில் நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள். கடற்கரை ஊர் ஈரத்தில் திறந்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.